பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: ஏழு புள்ளிகளின் கதை

பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறவனுக்கு வடிவியல் எதுக்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பத்தாம் வகுப்போடு காம்பஸைத் தூக்கி அட்டத்தில் போட்டவன் நான். திரும்ப எடுக்க வைத்தது என் மாமா கதை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் கல்கத்தா, இத்தாலி, ஜப்பான் எல்லாம் சுற்றிவிட்டு மறுபடி ஆம்பூருக்கே வந்துவிடுவோம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

மாமா கதை

மாமா ஒரு டேனரியில் இருபது வருஷமாக டிரம் பார்த்தவர். எந்த டேனரி, யார் முதலாளி என்பது இங்கே வேண்டாம். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு டிரம் என்றால் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் நண்பர்களுக்காக: வீட்டு அறை அளவுக்கு இருக்கும் மரப் பீப்பாய். தோலையும் தண்ணீரையும் மருந்தையும் உள்ளே போட்டு மணிக்கணக்கில் உருட்டுவார்கள். எத்தனை மணி நேரம், எப்போது நிறுத்தித் தோலைத் தொட்டுப் பார்ப்பது, இதெல்லாம் அனுபவம்.

ஒரு சீசனில் அந்த டேனரியில் ஒரே நேரத்தில் நான்கு விஷயத்தை மாற்றினார்கள். குரோம் பவுடர் வேறு கம்பெனியிலிருந்து வந்தது. தோலை மிருதுவாக்கும் எண்ணெய் மாறியது. சாயம் மாறியது. ஆர்டர் அவசரம் என்பதால் டிரம் ஓடும் நேரமும் குறைந்தது. அடுத்து வந்த லாட் விறைத்துப்போய் மேல்தோல் வெடித்திருந்தது. வாங்கவிருந்தவர் திருப்பி அனுப்பிவிட்டார்.

யார் காரணம்? குரோம் விற்றவர் எண்ணெயைக் காட்டினார். எண்ணெய் விற்றவர் சாயத்தைக் காட்டினார். கடைசியில் அங்கே யாருடைய ஏஜென்ட்டும் இல்லாத ஒரே விஷயம் 'நேரம்'. நேரம் பார்த்தவர் மாமா. மறு மாசத்திலிருந்து அவருக்கு வேலை இல்லை. நேரத்தைக் குறைக்கச் சொன்னதும் அவர் இல்லை.

இன்றைக்கு வரை உண்மையான காரணம் யாருக்கும் தெரியாது. நான்கையும் ஒன்றாக மாற்றினால் எந்தக் கணக்கரும் நான்கையும் பிரித்து எழுத முடியாது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று பாட்டி சொல்வார். புள்ளியியலில் இதற்கென்றே ஒரு பெயர் உண்டு. 'கலந்துபோதல்' என்று தமிழில் சொல்லலாம். இரண்டு காரணங்களின் விளைவு ஒன்றோடொன்று கலந்து, எது எதனால் என்று பிரிக்க முடியாமல் போவது.

இதைப் பிரித்தெடுக்க வழி உண்டா என்று தேடப்போய்த்தான் இந்தக் கதையில் விழுந்தேன். வழியைக் கண்டவர்களில் முக்கியமானவர் ஓர் இந்தியர். அவர் கையில் எடுத்த கருவி வடிவியல்.

ஏழு பிரியாணிக் கடை

தோலை விட்டுவிட்டு ஆம்பூரின் இன்னொரு பெருமைக்கு வருவோம். ஏழு பிரியாணிக் கடைகளில் எது நல்ல கடை என்று முடிவு செய்ய வேண்டும். நண்பர்கள் ஏழு பேர். ஒருவரால் மூன்று பிளேட்டுக்கு மேல் சாப்பிட முடியாது. எந்த இரண்டு கடையை எடுத்தாலும், அந்த இரண்டையும் சாப்பிட்டு ஒப்பிட்டுச் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். ஒருவர் போதும். இரண்டு பேர் என்றால் காசு தண்டம். முடியுமா?

முடியும். கடைகளுக்கு 1 முதல் 7 வரை எண் கொடுங்கள். நண்பர்கள் சாப்பிட வேண்டியவை:

1-2-3
1-4-5
1-6-7
2-4-6
2-5-7
3-4-7
3-5-6

எந்த இரண்டு எண்ணை வேண்டுமானாலும் சொல்லுங்கள். அவை சேர்ந்து வருவது ஒரே ஒரு வரியில்தான். சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது எண்ணைப் 'புள்ளி' என்றும், வரியைக் 'கோடு' என்றும் சொல்லிப் பாருங்கள். "இரண்டு புள்ளிகள் வழியே ஒரே ஒரு கோடு." பள்ளிக்கூடத்தில் படித்த அதே விதி! எந்த இரண்டு கோடுகளை எடுத்தாலும் அவை ஒரு புள்ளியில் சந்திக்கின்றன என்பதையும் பாருங்கள். இணைகோடுகளே கிடையாது. புள்ளிகள் மொத்தம் ஏழு, கோடுகள் ஏழு, கதை முடிந்தது. முடிவில்லாத தாள் தேவையில்லை. இதைத்தான் முடிவுள்ள வீழ்ப்புத் தளம் என்கிறார்கள்.

இந்த ஏழு புள்ளித் தளத்துக்கு ஜினோ ஃபானோ என்ற இத்தாலியரின் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் 1892இல் எழுதிய கட்டுரையில் 15 புள்ளிகளும் 35 கோடுகளும் மட்டுமே உள்ள ஒரு வெளியை அமைத்தார். அதில் இருக்கும் ஒவ்வொரு தளமும் நம் ஏழு புள்ளித் தளம்தான். அவருக்கும் முன்பே, 1850இல், தாமஸ் கிர்க்மன் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு புதிர் போட்டிருந்தார். 15 மாணவிகள் ஏழு நாள் மூன்று மூன்று பேராக நடந்து போக வேண்டும், எந்த இருவரும் ஒரே ஒரு நாள் மட்டுமே சேர்ந்து நடக்க வேண்டும். கூட்டிப் பாருங்கள், அங்கேயும் 35 மூவர் அணிகள் வரும். ஃபானோவின் 35 கோடுகளை வைத்தே இந்தப் புதிருக்கு விடை எழுதலாம். ஆனால் அந்தக் காலத்தில் இதெல்லாம் புதிர், அழகு, அவ்வளவுதான். இதைக் கொண்டுபோய் வயலிலும் பட்டறையிலும் இறக்கலாம் என்று யாரும் நினைக்கவில்லை.

வயலிலிருந்து கல்கத்தாவுக்கு

1919இல் ரொனால்டு ஃபிஷர் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே இருந்த பிரச்சினையும் மாமாவின் பிரச்சினைதான். ஒரு வயலில் விளைச்சல் கூடினால் அது உரத்தாலா, விதையாலா, அந்த மூலையில் மண் நன்றாக இருந்ததாலா? விளைச்சலைப் பார்த்த பிறகு மண்டையை உடைப்பதைவிட, விதைக்கும் முன்பே எந்தப் பாத்தியில் எது என்று திட்டமிடு என்பது ஃபிஷரின் வாதம். 1935இல் வந்த அவருடைய சோதனை வடிவமைப்பு நூல் இதற்கு அடித்தளம் போட்டது. 1936இல் அவரோடு வேலை செய்த ஃபிராங்க் யேட்ஸ், நம் பிரியாணி மாதிரி 'எல்லாரும் எல்லாவற்றையும் சாப்பிட முடியாத' நிலைமைக்கான திட்டங்களை எழுதினார். ஆனால் அப்படிப்பட்ட திட்டங்களை எப்படி உருவாக்குவது? தேடித் தேடி, முட்டி மோதித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பொதுவான வழி இல்லை.

இங்கேதான் ராஜ் சந்திர போஸ் வருகிறார். (சத்யேந்திரநாத் போஸ் வேறு, ஜகதீஷ் சந்திர போஸ் வேறு. குழப்பிக்கொள்ளாதீர்கள்.) 1901இல் இன்றைய மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாதில் பிறந்து, ரோத்தக்கில் வளர்ந்தவர். 1918 இன்ஃபுளுவென்சா கொள்ளைநோயில் தாய் போனார். அடுத்து தந்தையும் போனார். டியூஷன் எடுத்துப் படித்துத்தான் மேலே வந்தார். கல்கத்தாவில் ஒரு கல்லூரியில் சொற்பச் சம்பளத்துக்கு ஆசிரியர் வேலை. விருப்பம் வடிவியல். புள்ளியியல் அறவே தெரியாது.

மகலனோபிஸ் 1931இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கியிருந்தார். போஸின் வடிவியல் கட்டுரைகளைப் பார்த்து அவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். 'புள்ளியியல் தெரியாதே' என்றவரைப் படித்துக்கொள்ளச் சொன்னார். நம் ஊரில் கணக்குப் பிள்ளையாக வந்தவரை டிரம் பார்க்க விட்ட கதை மாதிரி.

அடுத்த திருப்பம் ஜெர்மனியிலிருந்து வந்தது. லைப்சிக் பல்கலைக்கழகத்தில் இருந்த ஃபிரீட்ரிஷ் லெவி, யூதர் என்பதால் நாஜி ஆட்சியில் 1935இல் வேலையை இழந்தார். கல்கத்தா பல்கலைக்கழகம் அவரைக் கணிதத் துறைக்கு அழைத்துக்கொண்டது. புது இயற்கணிதமும், முடிவுள்ள எண் அமைப்புகளும், முடிவுள்ள வடிவியலும் அவர் மூலமாகத்தான் போஸ் காதுக்கு வந்தன. ஹிட்லர் துரத்திய ஒருவர் வங்காளத்தில் வந்து நடத்திய பாடம், பிறகு உலகம் முழுக்கத் தொழிற்சாலைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. வரலாறு இப்படியும் சுற்றி வரும்.

1937-38 குளிர்காலத்தில் ஃபிஷரே கல்கத்தா வந்தார். அவர் விட்டுப்போன கேள்விகளைப் போஸ் பிடித்துக்கொண்டார். 1938இலும் 1939இலும் வந்த கட்டுரைகளில், சோதனைத் திட்டங்களை முட்டி மோதித் தேட வேண்டாம், முடிவுள்ள வடிவியலில் புள்ளிகளையும் கோடுகளையும் எழுதினால் திட்டங்கள் தானாகவே வரும் என்று காட்டினார்.

எட்டு வரி லெட்ஜர்

இனி நான் சொல்ல வந்த இடம். 1947இல் கழகத்தின் 'சாங்க்யா' இதழில் போஸ் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதன் உள்ளே இருக்கும் ஒரு கேள்வியை மாமாவின் டேனரியில் வைத்துச் சொல்கிறேன்.

மாற்ற வேண்டியவை நான்கு: குரோம், எண்ணெய், சாயம், நேரம். ஒவ்வொன்றும் பழையது அல்லது புதியது. எல்லாக் கலவையையும் முயன்று பார்க்க 2×2×2×2 = 16 லாட் வேண்டும். 16 லாட் என்றால் அத்தனை தோல், அத்தனை மருந்து, அத்தனை கழிவுநீர். பாலாற்று மாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஊர் நம்முடையது. வீணாகும் ஒவ்வொரு லாட்டும் கம்பெனிக் கணக்கில் மட்டும் நஷ்டம் இல்லை.

எட்டு லாட்டில் முடிக்க முடியுமா?

எட்டு வரியுள்ள ஒரு லெட்ஜரை நினைத்துக்கொள்ளுங்கள். வரிக்கு ஒரு லாட். பத்திக்கு ஒரு பொருள். ஒவ்வொரு பத்தியிலும் நான்கு லாட்டுக்குப் பழையது, நான்கு லாட்டுக்குப் புதியது. எந்த இரண்டு பத்தியை எடுத்தாலும் பழையது-பழையது, பழையது-புதியது, புதியது-பழையது, புதியது-புதியது நான்கும் இரண்டிரண்டு தடவை வர வேண்டும். அப்போதுதான் ஒப்பீடு நியாயமாக இருக்கும். இப்படி அதிகபட்சம் எத்தனை பத்தி போடலாம்? ஏழு. அந்த ஏழு பத்திகள்தான் நம் ஏழு புள்ளிகள்!

அப்படியானால் கோடு எது? இரண்டு பத்திகளை எடுங்கள். 'இரண்டில் சரியாக ஒன்று மட்டும் புதியது' என்ற லாட்டுகளைக் குறித்தால் மூன்றாவதாக ஒரு பத்தி கிடைக்கும். அந்த மூன்று பத்தியும் ஒரு கோடு.

இப்போது ஆபத்தைப் பாருங்கள். குரோமை 1ஆம் பத்தியிலும், எண்ணெயை 2ஆம் பத்தியிலும், சாயத்தை 3ஆம் பத்தியிலும் போட்டீர்கள். 1-2-3 ஒரு கோடு. புது குரோமும் புது எண்ணெயும் தனித்தனியே நல்லவை, ஆனால் சேர்ந்தால் சண்டை என்று வையுங்கள். இரண்டும் புதியதாக இருக்கும் லாட்டுகளில் சாயம் எப்போதும் பழையது. (சரியாக ஒன்று புதியதாக இருந்தால்தானே சாயம் மாறும்?) ஆக, கெட்டுப்போன லாட்டுகள் எல்லாம் பழைய சாயத்தின் கணக்கில் ஏறும். லெட்ஜர் என்ன சொல்லும்? "பழைய சாயம்தான் தோலைக் கெடுத்தது." சாயக்காரர் பாவம், ஒன்றுமே செய்யவில்லை.

எனவே விதி இது: நம் பொருள்களுக்குத் தேர்ந்தெடுக்கும் புள்ளிகளில் எந்த மூன்றும் ஒரே கோட்டில் இருக்கக் கூடாது. அதாவது ஒவ்வொரு கோடும் நம் புள்ளிக் கூட்டத்தை 0, 1 அல்லது 2 இடத்தில் மட்டுமே தொடலாம். அப்படிப்பட்ட கூட்டம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? போஸ் கேட்ட கேள்வி இதுதான். பார்த்தால் சுத்த வடிவியல். உள்ளே இருப்பது பழி சரியான இடத்தில் விழுமா என்ற விஷயம்.

விடையின் ஒரு பாதியை நாமே நிரூபிக்கலாம், எண்ணத் தெரிந்தால் போதும். கூட்டத்தில் ஒரு புள்ளியில் நில்லுங்கள். அது வழியே மூன்று கோடுகள் போகின்றன. ஒவ்வொரு கோட்டிலும் கூட்டத்தின் இன்னொரு புள்ளி ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. ஆக அதிகபட்சம் 1+3 = 4. நமக்கு வேண்டியதும் நான்குதான்!

நான்கு கிடைக்குமா? 1, 2, 4, 7 எடுங்கள். மேலே உள்ள ஏழு வரிகளோடு ஒப்பிடுங்கள். ஆறு கோடுகளில் இந்த நான்கில் இரண்டிரண்டு இருக்கும். மிச்சமுள்ள 3-5-6 கோட்டில் ஒன்றுமே இருக்காது. தொடும் அளவு 0 அல்லது 2, ஒன்று என்பதே இல்லை.

இதையே லாட் ஆக்குவது இன்னும் சுலபம். ஒரு லாட் முழுக்கப் பழைய முறை. பிறகு கோட்டுக்கு ஒரு லாட். கோட்டின் மேல் இருக்கும் பொருள்கள் பழையபடி, கோட்டில் இல்லாதவை புதிது. குரோம் 1, எண்ணெய் 2, சாயம் 4, நேரம் 7 என்றால் 1-2-3 கோட்டின் லாட்டில் குரோமும் எண்ணெயும் பழையவை, சாயமும் நேரமும் புதியவை. இப்படி ஆறு கோடுகளுக்கு இரண்டிரண்டு மாற்றம். 3-5-6 கோட்டுக்கு நான்கும் மாற்றம். மொத்தம் 1+6+1 = 8 லாட்.

பேப்பரும் பேனாவும் எடுத்துச் சரிபாருங்கள். நேரம் புதிதாக உள்ள லாட் நான்கு, பழையதாக உள்ள லாட் நான்கு. இரண்டு பக்கத்திலும் புது குரோம் இரண்டு தடவை வந்திருக்கும், புது எண்ணெய் இரண்டு தடவை, புது சாயம் இரண்டு தடவை. குரோமும் எண்ணெயும் சேர்ந்து புதியதாக இருப்பது இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. அவர்கள் சண்டை இரண்டு பக்கமும் சமமாக ஏறி, கழித்தால் அடிபட்டுப் போகும். மிச்சம் நிற்பது நேரத்தின் சொந்தக் கணக்கு. நான்கு பொருளுக்கும் இதே கதை. ஒரே எட்டு லாட்டை நான்கு விதமாகப் படிக்கிறோம்.

நேர்மையாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இதில் எல்லாமே தெரிந்துவிடாது. குரோம்-எண்ணெய் சண்டையும் சாயம்-நேரம் சண்டையும் தங்களுக்குள் கலந்துதான் போகும், இரண்டும் வெளியே உள்ள 3ஆம் புள்ளியில் போய் விழும். மூன்று பேர் சேர்ந்து போடும் சண்டையும் இந்தக் கணக்கில் பிரியாது. பாதி லாட்டில் முழு உண்மையும் கிடைக்காது. ஆனால் எந்தப் பழி எங்கே கலக்கிறது என்று முன்கூட்டியே தெரியும். செலவைப் பாதியாகக் குறைத்தபின் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுப்பது பெரிய விஷயம்.

ஒற்றைப்படையும் இரட்டைப்படையும்

பழையது, புதியது என்று இரண்டு நிலைக்குப் பதில் மூன்று நிலை, நான்கு நிலை என்றால்? மூன்று நிலைக்கு 13 புள்ளித் தளம், கோட்டுக்கு 4 புள்ளி. நான்கு நிலைக்கு 21 புள்ளித் தளம், கோட்டுக்கு 5 புள்ளி. பொதுவாக நிலைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டினால் கோட்டில் உள்ள புள்ளிகள் கிடைக்கும். முன்பு போலவே எண்ணினால், மூன்று ஒரே கோட்டில் வராத கூட்டத்தின் மேல்வரம்பு நிலை + 2.

போஸ் காட்டியது: நிலை இரட்டைப்படை என்றால் அந்த + 2 கிடைக்கும், ஒற்றைப்படை என்றால் + 1தான். ஏன்? + 2 இருந்தால் கூட்டத்தின் புள்ளி வழியே போகும் ஒவ்வொரு கோட்டிலும் சரியாக இரண்டு புள்ளி இருக்க வேண்டும். ஆக எந்தக் கோடும் கூட்டத்தை 0 அல்லது 2 இடத்தில்தான் தொடும். இப்போது கூட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளியில் நில்லுங்கள். அங்கிருந்து போகும் கோடுகள் கூட்டத்தை ஜோடி ஜோடியாகப் பிரித்துவிடும். ஜோடியாகப் பிரிந்தால் கூட்டம் இரட்டைப்படை. நிலையும் இரட்டைப்படை. முடிந்தது! இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காஸ்ட் அக்கவுன்டிங் பரீட்சைக்கு முன்தினம் வேறு.

இதற்குப் பிறகு வண்டி இத்தாலி போகிறது. 1955இல் பெனியமினோ செக்ரே, ஒற்றைப்படைத் தளங்களில் இந்த + 1 அளவுக் கூட்டம் எதுவானாலும் அது கூம்பு வெட்டுதான் என்று நிரூபித்தார். வட்டம், நீள்வட்டம் என்று பள்ளியில் படித்தோமே, அதே குடும்பம். 'மூன்று ஒரே கோட்டில் வராதே' என்று மட்டும் சொன்னால் வளைவு தானாகவே வந்து நிற்கிறது. அதன்பின் 'கோடுகள் இரண்டே இரண்டு அளவில் மட்டும் தொடும் புள்ளிக் கூட்டம்' என்பது தனித் துறையாகவே வளர்ந்தது. 0 அல்லது 2க்குப் பதில், 0 அல்லது வேறொரு எண் என்று வைத்தால்? இரட்டைப்படைத் தளங்களில் டென்னிஸ்டன் 1969இல் அமைத்துக் காட்டினார். ஒற்றைப்படைத் தளங்களில் கிடையவே கிடையாது என்று பால், பிளாக்ஹுய்ஸ், மட்சோக்கா மூவரும் 1997இல் நிரூபித்தார்கள். அதே ஒற்றை-இரட்டை வேறுபாடு, அரை நூற்றாண்டு கழித்து.

எனக்குப் பிடித்த உதாரணம் வேறு. 21 புள்ளித் தளத்துக்குள் நம் ஏழு புள்ளித் தளம் ஒளிந்திருக்கிறது. பெரிய தளத்தின் 21 கோடுகளில் ஏழு, அந்தக் குட்டித் தளத்தை 3 இடத்தில் தொடும். மிச்சம் பதினான்கும் ஒரே இடத்தில் தொடும். தொடாமல் போகும் கோடு ஒன்றுகூட இல்லை. இதே 1-அல்லது-3 பழக்கம் உள்ள ஒன்பது புள்ளிக் கூட்டமும் அதே தளத்தில் உண்டு. அந்த வகையைப் போஸும் சக்ரவர்த்தியும் 1966இல் எல்லாப் பரிமாணங்களிலும் விரித்து எழுதினார்கள்.

ஜப்பான் வழியாக டீக்கடைக்கு

1941 ஜனவரியில் வேலை தேடிக் கல்கத்தா போன ஓர் இளைஞர் புள்ளியியல் கழகத்தில் சேர்ந்தார். அவர் சி.ஆர். ராவ். பிறந்தது அன்றைய சென்னை மாகாணத்தின் பெல்லாரி மாவட்டத்தில், 1920இல். நான் 'லெட்ஜர்' என்று சொன்னேனே, அந்த மாதிரிப் பத்திகள் ஒன்றுக்கொன்று சமமாக இருக்கும் அட்டவணைகளைப் பொதுவாக வரையறுத்தவர் அவர். 2023இல் தன் 102ஆம் வயதில் காலமானார்.

1954-55இல் ஜப்பானிய இன்ஜினியர் கெனிச்சி டகுச்சி அந்தக் கழகத்துக்கு வந்து தங்கினார். டகுச்சி! தரக் கட்டுப்பாடு பேப்பர் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். எல்-8 அட்டவணை என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். எட்டு வரி, ஏழு பத்தி. ஆமாம், அதேதான். எல்-8இல் 'எந்த இரண்டு பத்தியின் கூட்டு விளைவு எந்தப் பத்தியில் விழும்' என்று ஒரு பட்டியல் பின்னால் இருக்குமே, அதை எடுத்து நம் ஏழு வரிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான்கு பொருளுக்கு 1, 2, 4, 7 பத்திகளை எடு என்று சொல்லிக்கொடுப்பது ஏன் என்று எனக்கு எந்த வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை. இப்போது தெரிகிறது. ஜப்பான் சரக்கு என்று நாம் படிப்பதில் ஒரு பங்கு கல்கத்தா சரக்கு.

போஸ் 1949இல் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1959இல் ஷ்ரீகண்டே, பார்க்கர் இருவரோடு சேர்ந்து ஆய்லரின் 177 வருஷ ஊகம் ஒன்றைத் தவறென்று காட்டியபோது நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி வந்தது. 1960இல் தன் மாணவர் ராய்-சௌதுரியோடு பிழை திருத்தும் குறியீடுகளைக் கண்டுபிடித்தார். பிரான்ஸில் ஹாக்கங்கெம் அதைத் தனியே ஒரு வருஷம் முன்பே கண்டிருந்ததால் மூவர் பெயரும் சேர்ந்து நிற்கிறது. டீக்கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடு இருக்கிறதே, அதை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லும் 15 கட்டங்கள் இந்தக் குறியீட்டில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. கொஞ்சம் டீ சிந்தினாலும் ஃபோன் சரியாகப் படிக்கும். நம் எட்டு லாட்டும்கூட ஒரு குட்டிக் குறியீடுதான்: மாற்றங்களின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படை. ஒற்றைப்படை வந்தால் எங்கோ எழுத்துப்பிழை என்று தெரிந்துவிடும். தளத்தில் '0 அல்லது 2' என்று தொட்டது, குறியீட்டில் '4 மாற்றம் அல்லது 2 மாற்றம்' என்று வருகிறது. ஒரே விஷயத்தின் இரண்டு முகம்.

மறுபடி மாமா

போன மாசம் இந்த எட்டு லாட் பட்டியலை ஒரு தாளில் எழுதி மாமாவிடம் காட்டினேன். அவர் இப்போது வேறோர் இடத்தில், வேறொரு வேலையில் இருக்கிறார். கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். "நல்லா இருக்கே" என்பார் என்று நினைத்தேன்.

"மாப்ள, எட்டும் ஒரே நாள்ல ஓடாது. இருக்கறது நாலு டிரம். மறுநாள் தண்ணி வேற. லாரித் தண்ணி ஒரு நாள் இருக்கற மாதிரி இன்னொரு நாள் இருக்காது. அப்போ தண்ணிமேல பழிய யாரு பாக்கறது?" என்றார்.

எனக்கு வாய் அடைத்துவிட்டது. ராத்தம்ஸ்டெட் வயலில் ஃபிஷர் கேட்ட கேள்வி இது. மண்ணுக்குப் பதில் தண்ணீர், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து மறுபடி ஏழு வரிகளைப் பார்த்தேன். போஸின் முறைப்படி, நம் கூட்டத்துக்கு வெளியே சும்மா இருக்கும் 3ஆம் புள்ளியை 'நாள்' என்று வைத்துவிடலாம். முதல் நாள்: எல்லாம் பழையது, குரோம்+எண்ணெய், சாயம்+நேரம், நான்கும் புதியது. இரண்டாம் நாள்: குரோம்+சாயம், குரோம்+நேரம், எண்ணெய்+சாயம், எண்ணெய்+நேரம். ஒவ்வொரு நாளிலும் ஒவ்வொரு பொருளும் இரண்டு லாட்டில் புதியது, இரண்டு லாட்டில் பழையது. எந்த நாள் தண்ணீர் எப்படி இருந்தாலும் அது நான்கு பேர் கணக்கிலும் சமமாகக் கழிந்துவிடும். அதற்கு விலை, குரோம்-எண்ணெய் சண்டையைத் தண்ணீரிடமிருந்து பிரிக்க முடியாது. அது ஏற்கெனவே கலந்திருந்த இடம்தான்.

அடுத்த ஞாயிறு கொண்டுபோய்க் காட்டினேன். விரல் விட்டு எண்ணி எண்ணி நான்கு பொருளுக்கும் சரிபார்த்தார். நேரத்துக்கு வந்தபோது இரண்டு தடவை எண்ணினார். பிறகு தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை.

அவருக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்கப் போவதில்லை. அந்த லாட் ஏன் கெட்டது என்பதும் இனித் தெரியாது. ஆனால் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் இந்தப் பக்கத்து டேனரி ஆபீஸ்களிலும் ஷூ கம்பெனிகளிலும்தான் வேலைக்குப் போவோம். நஷ்டக் கணக்கை யார் பெயரில் எழுதுவது என்று முடிவு செய்யும் நாற்காலியில் நம்மில் சிலர் உட்காருவோம். அப்போது நான்கையும் ஒரே வாரத்தில் மாற்றச் சொன்னது யார் என்று முதலில் கேளுங்கள்.

கணிதம் படிக்கும் நண்பர்கள் யாராவது தவறு கண்டால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். பிரியாணிச் சோதனைக்கு ஆறு பேர் தேவை. என்னோடு சேர்த்து ஏழு :-)